விட்டவர்களின் கூடம்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் வேலையை விடுவதைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவதைக் கண்டுபிடித்தவர்கள் ஒரு பழைய செருப்புக் கிடங்கில் குடியிருந்தார்கள்.

அங்கே நடந்ததெல்லாம் இங்கே சொல்லப்போகிற வரிசையில்தான் நடந்ததா, பேசியவர்கள் இதே வார்த்தைகளில்தான் பேசினார்களா என்று சத்தியம் செய்ய முடியாது. நினைவில் பிசகு இருக்கலாம். அந்தக் கூடத்தில் பேச்சைவிட மௌனம் அதிகம். பேச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். மௌனம் ஒன்று இன்னொன்றைப் போலவே இருக்கும். ஆகவே தவறு இருந்தால் அது பெரும்பாலும் மௌனங்களில்தான் இருக்கும் என்று நம்பி மேலே போகலாம்.

கிடங்கின் தூண்களில் செருப்பு அளவு எண்கள் கறுப்பு மையில் அழியாமல் இருந்தன. வரிசையாக நாற்காலிகள், ஒரு பக்கம் மட்டும் ஜன்னல்கள், பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் குடும்பங்கள் தங்குவதற்குத் தடுப்புப் பலகை வைத்துப் பிரித்த அறைகள். இதற்குக் 'கூடம்' என்று பெயர். பெயர்ப்பலகை கிடையாது. பெயர்ப்பலகை வைப்பதையும் அவர்கள் விட்டிருந்தார்கள்.

கூடத்தில் ஒருவரைப் பார்த்து 'என்ன செய்கிறீர்கள்' என்று கேட்பது அநாகரிகம். 'எதை விட்டீர்கள்' என்றுதான் கேட்க வேண்டும். வங்கி மேலாளர் பதவியை விட்டவர் ஒருவர் இருந்தார்; அவரை மேனேஜர் என்று கூப்பிட்டார்கள், விட்டது மறந்துவிடக் கூடாதே என்று. பல் வைத்தியத்தை விட்டவர் பல் மாமா. இளமையில் கடவுளை நம்பி, அதை விட்டு, கடவுள் இல்லை என்று தெருத்தெருவாகப் பேசி, அதையும் விட்டவர் ஒருவர் இருந்தார். அவருக்கு இரட்டை என்று பெயர். இப்போது என்ன நம்புகிறீர்கள் என்று கேட்டால், "இப்போதைக்கு நடுவுல இருக்கேன்" என்பார். இரண்டு நம்பிக்கைகளை விட்டவர் அங்கே அவர் ஒருவர்தான். அதனால் அவருடைய நாற்காலியில் மட்டும் ஒரு மெத்தை.

பெரிய வேலையை விட்டவர்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார்கள். சின்ன வேலையை விட்டவர்கள் நடுவில். ஏற்றத்தாழ்வு கிடையாது என்பது கூடத்தின் முதல் கொள்கை. ஜன்னல் வெளிச்சம் எல்லாருக்கும் எட்டாதது கட்டடம் கட்டியவனின் குற்றம்.

இவர்கள் எல்லாரையும் ஒன்று சேர்த்தவர் குடிநீர் வாரியத்தில் பொறியாளர் வேலையை விட்டவர். தலைமைப் பொறியாளர் ஆகவேண்டிய தருணத்தில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தார் என்பது கூடத்தின் வரலாறு. தலைமைப் பொறியாளர் பதவி உண்மையில் பக்கத்து மேசைக்காரருக்குக் கிடைத்தது, அந்த வாரமே இவர் வேலையை விட்டார் என்று சில சிறுமதியாளர்கள் சொல்வதுண்டு. வரலாறு அப்படிப்பட்டவர்களைக் கண்டுகொள்வதில்லை. அவருடைய மனைவிக்கு விஷயம் தெரியும். அவரும் கண்டுகொள்ளவில்லை.

மனைவி பேருந்து நிலையத்தில் மாதாந்திர பாஸ் கொடுக்கும் கவுன்டரில் உட்காருகிறவர். கண்ணாடியில் ஒரு சின்ன ஓட்டை, அதன் வழியாக வரும் அட்டை, அதன் மேல் ஒரு முத்திரை, அடுத்த ஆள். வலது கட்டைவிரலில் ஊதா மை எப்போதும் இருக்கும். கூடத்துக்கு வந்த புதிதில் ஒவ்வொருவராக அவரிடம் கனிவோடு விசாரித்தார்கள்: "இன்னும் வேலைக்குப் போறீங்களா?" அவர் "ஆமா, இன்னும்" என்பார். நாளடைவில் அதுவே பெயராகிவிட்டது. எல்லாருக்கும் அவர் 'இன்னும்'. காலையில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு வேகமாகக் கிளம்ப வேண்டியவர் என்பதால் அவருக்கு வாசலோரம், சமையலறைப் பக்கம், முதுகு இல்லாத ஒரு முக்காலி. கூடத்தின் வாடகை, மின்சாரம், ரொட்டி, சூப், தேநீர் எல்லாம் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தன. எங்கிருந்து என்று கேட்பது உலகியல் நாட்டம். அதை அவர்கள் முன்பே விட்டிருந்தார்கள்.

இந்த இருவருக்கும் ஒரு மகள். மேலே சொன்ன மகத்தான ஏற்பாட்டில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது என்றால் அது இவள்தான்.

ஆண்டுக்கு ஒருமுறை 'விடுநாள்'. விட்டவர் எழுந்து நின்று தான் விட்டதைச் சொல்வார். யாரும் கைதட்ட மாட்டார்கள். மௌனம். அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவு பெரியது விட்டது என்று கணக்கு. கடிகாரம் கிடையாது, அதை விட்டாயிற்று. எல்லார் கையிலும் இருக்கும் தேநீரில் ஆடை படிகிறதா என்று பார்ப்பார்கள். மேனேஜர் தன் பதவியைச் சொன்ன அன்று ஆடை படிந்து, சுருங்கி, கோப்பையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது என்று பேச்சு.

மகள் அந்தக் கிடங்கிலேயே வளர்ந்தவள். பள்ளிக்கூடம் போனதில்லை, அதனால் பள்ளிக்கூடத்தை விட முடியாது. வேலை பார்த்ததில்லை, வேலையை விட முடியாது. வீட்டில் எந்த நம்பிக்கையும் சொல்லித் தரவில்லை, அதனால் எதிலும் நம்பிக்கை இழக்கவும் வழியில்லை. தன் முறை வந்த ஒரு விடுநாளில் அவள் எழுந்து, தேநீரில் சர்க்கரையை விட்டுவிட்டதாக அறிவித்தாள். யாரோ இருமினார்கள். அதற்குள் அடுத்தவர் எழுந்துவிட்டார். ஆடை படியவே இல்லை.

அன்றைக்கு இரட்டை அவளைத் தட்டிக்கொடுத்து, "காலி" என்று அன்போடு அழைத்தார். அதுவும் ஒட்டிக்கொண்டது. அம்மாவும் பல் மாமாவும் மட்டும் அவளைப் பாப்பா என்றார்கள்.

எதையும் செய்ய உனக்கு முழுச் சுதந்திரம் உண்டு என்று அப்பா அவளிடம் அடிக்கடி சொல்வார். அது உண்மை. அவள் பானை வனையலாம், தேனீ வளர்க்கலாம், கோமாளி வேஷம் போட்டு ஊர் ஊராகப் போகலாம், மரத்தின் மேல் குடியிருக்கலாம். மேனேஜர் ஒரு மரத்தைக்கூடப் பார்த்து வைத்திருந்தார். இவற்றில் எதையும் செய்ய விருப்பமில்லை என்று அவள் சொன்னபோது, அவள் இன்னும் 'தேடலில்' இருக்கிறாள் என்று கூடம் பெருமைப்பட்டது.

தேடல் முடிந்தது அப்பாவின் பல்லில்.

ஒரு காலை அப்பாவின் இடது கன்னம் ரொட்டி மாவு போல உப்பியிருந்தது. அவரால் பேச முடியவில்லை, அதைப் பலர் ஆழ்ந்த நிலை என்று எடுத்துக்கொண்டார்கள். பல் மாமா மட்டும் அருகில் வந்து குனிந்தார்.

"வாயைத் திறங்க. பாக்கறேன். பாக்கறதுல தப்பில்ல."

பார்த்தார். பழைய பழக்கத்தில் கை சட்டைப்பைக்குப் போய், ஒன்றும் இல்லாமல் திரும்பியது.

"கீழ் கடைவாய். வேர்ல சீழ் கட்டியிருக்கு. நான் மட்டும் விடாம இருந்திருந்தா, இப்ப ஒரு ஊசி போட்டு மரக்க வெச்சு, காலைச் சாப்பாட்டுக்கு முன்னாடி எடுத்திருப்பேன்."

"விட்டுட்டீங்களே," என்றார் அம்மா, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே.

"விட்டுட்டேன்ல," என்றார் பல் மாமா. அந்தக் குரலில் வருத்தமும் பெருமையும் சரிபாதியாக இருந்தன.

பல் மாமாவின் மன உறுதியை இங்கே போற்றியாக வேண்டும். நண்பர் எதிரே வலியில் முனகுகிறார். தன் கையில் அதற்கு மருந்து இருக்கிறது. ஆனாலும் கொள்கைக்காக அந்தக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். இத்தகைய கட்டுப்பாடு சாதாரண மனிதர்களுக்கு வராது. சாதாரண மனுஷியான அம்மா அரைநாள் விடுப்பு எடுத்து, மகளையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, அப்பாவைக் கடைத்தெருவில் இருந்த கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்.

அங்கே இருந்த டாக்டரம்மா அதிகம் பேசவில்லை. விளக்கைத் திருப்பினார், ஊசி போட்டார், கொஞ்சம் காத்திருந்தார், ஒரு கையால் அப்பாவின் தாடையைப் பிடித்துக்கொண்டார், தட்டில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. "முடிஞ்சுது. எழுந்திருங்க," என்றார்.

மகள் அந்த வார்த்தையைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். முடிஞ்சுது. அவள் வளர்ந்த இடத்தில் எதுவும் முடிந்ததில்லை. உரையாடல் தொடரும், தேடல் தொடரும், விட்டவர்கள் விட்டுக்கொண்டே இருப்பார்கள். இங்கே வளைந்து கூனி உள்ளே போன மனிதர் நிமிர்ந்து வெளியே வருகிறார். வலி ஒரு தட்டில் கிடக்கிறது. நடுவில் ஒரு கை. அந்தக் கைதான் தனக்கு வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பும் வழியெல்லாம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அப்பா கூடத்துக்குத் திரும்பியதும், வாயில் பஞ்சோடு, தான் இன்று ஒரு பல்லையும் விட்டுவிட்டதாக அறிவித்தார். நல்ல மௌனம் கிடைத்தது.

அந்த மௌனம் முடிவதற்குள் மகள் எழுந்தாள்.

"நான் பல் டாக்டருக்குப் படிக்கணும்."

கூடத்தில் இருந்தவர்களுக்கு முதலில் புரியவில்லை. ஒருவர் அவள் எதையோ விடுகிறாள் என்று நினைத்துத் தலையாட்டினார். அப்பா பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"படிக்கறதுன்னா, காலேஜ்லயா?"

"ஆமாப்பா."

"அங்க மணி அடிப்பாங்களே."

"அடிக்கட்டும்."

"பரீட்சை வைப்பாங்க. மார்க் போடுவாங்க."

"போடட்டும்ப்பா."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகளுடைய விருப்பத்தில் தலையிடுகிற ஆள் அல்ல அவர். அவள் எந்தப் பாதையில் வேண்டுமானாலும் போகலாம், அது பாதையாக மட்டும் இருக்கக் கூடாது என்பதுதான் அவர் எதிர்பார்த்தது. எல்லாரும் போகிற பாதையில் தன் பெண்ணும் போனால், நாளைக்கு இந்தக் கூடத்தில் தான் எந்த முகத்தோடு உட்காருவது என்று மேனேஜரிடம் கேட்டார். மேனேஜர் அனுதாபப்பட்டார். அவருடைய மகன் ரகசியமாக வங்கித் தேர்வு எழுதியிருந்த விஷயம் அப்போது அவருக்கே தெரியாது.

கொள்கைச் சிக்கல் வந்தால் தீர்ப்பது இரட்டையின் பொறுப்பு. அவர் மெத்தையில் சாய்ந்து வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். கடைசியில் திறந்தார்.

"இவகிட்ட விடறதுக்கு என்ன இருக்கு? ஒண்ணுமில்ல, காலி. பிடிக்காம எப்படி விடறது? முதல்ல ஏதாவது ஒண்ணைப் பிடிக்கட்டும்."

அப்பா மெதுவாகத் திரும்பினார். வீங்கிய கன்னத்தில் வெளிச்சம் வந்தது.

"டாக்டராகி, நல்லா பேர் எடுத்து, அப்புறம் விடறா. அப்படித்தானே?"

"உச்சியில நிக்கும்போது விடணும்," என்றார் மேனேஜர்.

கூடம் பரபரத்தது. இதுவரை அங்கே வந்தவர்கள் எல்லாரும் எதேச்சையாக ஒன்றைப் பிடித்து, எதேச்சையாக அதை விட்டவர்கள். விடுவதற்கென்றே திட்டமிட்டு ஒன்றைப் பிடிக்கப்போகும் முதல் ஆள் இவள்தான். இதற்கு முன் உலகில் எங்கும் நடந்ததில்லை என்று இரட்டை சொன்னார். அவர் உலகம் சுற்றியவர், அதையும் விட்டவர்.

"விடுவியாம்மா?" என்று அப்பா கேட்டார். அதைக் கேட்டபோது அவர் குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முக்காலியில் உட்கார்ந்து, டப்பாவின் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விடறேன்ப்பா," என்றாள்.

அன்று தடுப்புப் பலகைக்குப் பின்னால் அவள் அழுதபோது அம்மா சொன்னது இவ்வளவுதான்: "முதல்ல பிடி. விடறதை அப்புறம் பாத்துக்கலாம். இங்க எல்லாருக்கும் விடறதுக்குத்தான் அவசரம்."

அடுத்தது, ஒரு வகுப்பும் படிக்காத பெண்ணை நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்வது எப்படி என்ற கேள்வி. கூடத்தில் பாடம் நடத்துவதற்குத் தடை. ஆனால் விட்டதை விவரிப்பதற்குத் தடை இல்லை. அதுதான் அங்கே முக்கியத் தொழிலே. மகள் இந்த நுட்பத்தைச் சீக்கிரம் கண்டுகொண்டாள். ஒரு காலத்தில் கணித ஆசிரியராக இருந்தவரிடம் போய், "நீங்க விட்டது என்ன, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்பாள். அவர் கண் கலங்க, தான் துறந்த சமன்பாடுகளை ஒவ்வொன்றாகத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி, "இதையெல்லாம் நான் மறந்துட்டேன்" என்று விடையோடு காட்டுவார். வேதியியலை விட்டவர் தான் விட்ட தனிமங்களைச் சாப்பாட்டு நேரத்தில் வரிசையாகச் சொல்வார்.

பல் மாமாதான் இதில் எல்லாரையும் மிஞ்சினார்.

"மேல் கடைவாய்க்கு மூணு வேர் பாப்பா. மூணும் மூணு பக்கம் போகும். இழுக்கும்போது நேரா இழுக்கக் கூடாது, அசைச்சுக் குடுக்கணும். இதையெல்லாம் நான் அடியோட விட்டுட்டேன். கேக்காதே."

"சரி மாமா, கேக்கல. எந்தப் பக்கம் அசைச்சீங்க, விடறதுக்கு முன்னாடி?"

"கன்னத்துப் பக்கம்," என்பார் அவர், ஏக்கத்தோடு.

இப்படியாக, ஒருவரும் கற்பிக்காமல் ஒருத்தி எல்லாவற்றையும் கற்றுக்கொண்ட அதிசயம் அந்தக் கிடங்கில் நிகழ்ந்தது. அவள் தனித்தேர்வராகப் பள்ளிப் பரீட்சை எழுதினாள், நுழைவுத் தேர்வு எழுதினாள், இடம் கிடைத்தது. மாற்றுக்கல்வியின் வெற்றி என்று அப்பா பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கல்லூரிக்கு ஆகும் செலவு எங்கிருந்தோ வந்தது. அம்மா கவுன்டரில் இரண்டு ஷிஃப்ட் பார்க்கத் தொடங்கினார். ஊதா மை இடது கட்டைவிரலுக்கும் வந்தது.

கல்லூரியில் மணி அடித்தது. அவளுக்குப் பிடித்திருந்தது. மார்க் போட்டார்கள், அதுவும் பிடித்திருந்தது. படிப்பு முடிந்து, அதே கடைத்தெருக் கிளினிக்கில் அதே டாக்டரம்மாவிடம் வேலைக்குச் சேர்ந்தாள். வளைந்து வந்தவர்கள் நிமிர்ந்து போனார்கள். "முடிஞ்சுது, எழுந்திருங்க" என்று முதன்முறை தானே சொன்ன அன்று அவள் வீட்டுக்கு நடந்தே போனாள், பேருந்து வந்தும் ஏறவில்லை. டாக்டரம்மாவுக்கு வயதாகிவிட்டது, கிளினிக்கை நீயே எடுத்து நடத்து என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

கூடத்திலும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல பேர் எடுத்துவிட்டாள், கிளினிக்கே கைக்கு வருகிறது, இதுதான் உச்சி, வரும் விடுநாளில் விட்டுவிடலாம் என்று அப்பா நாள் குறித்தார். வெளியூரிலிருந்து ஆட்களை அழைத்தார். ஜன்னல் ஓரம் அவளுக்காக ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்தார். அதைத் தன் கையாலேயே துடைத்தார், துணியை நனைத்து, கால்களுக்கு இடையிலும். அந்த நாற்காலியை மகள் பார்த்தாள். தன் கையை விட வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவின் முகத்தில் இருக்கும் அந்த வெளிச்சத்தை அணைக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி அவளுக்குத் தெரியவில்லை.

விடுநாளுக்கு முந்தின மாலை அவள் நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போனாள். வரிசை கலைந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சீப்பையும், பிடி உடைந்த ஒரு கோப்பையையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். முத்திரையை நன்றாகத் துடைத்துப் பக்கத்து இருக்கைக்காரியிடம் கொடுத்தார்.

"அம்மா, நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்?"

ஓட்டை வழியாக அம்மா அவளை உற்றுப் பார்த்தார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"அப்ப ஒண்ணும் சொல்லாத. நாளைக்கு முதல்ல நான் பேசறேன்."

அம்மா கூடத்தில் எழுந்து பேசி மகள் பார்த்ததே இல்லை. தனக்காக அப்பாவிடம் கெஞ்சப்போகிறார் போலிருக்கிறது என்று நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் கூடம் நிரம்பியிருந்தது. எல்லார் கையிலும் தேநீர். அப்பா எழுந்து, மனித வரலாற்றின் முதல் திட்டமிட்ட விடுதலைப் பற்றி அறிமுக உரை ஆற்றினார். பேச்சின் நடுவே இரண்டொருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பல் மாமா தொழிலை விட்டது முதல் அங்கே பலருக்குப் பல் சரியில்லை. "இப்போ என் மகள்" என்று அவர் கையை நீட்டியபோது, வாசலோர முக்காலியிலிருந்து அம்மா எழுந்தார்.

"எனக்குப் பேசத் தெரியாது. நான் வேலையை விட்டுட்டேன். நேத்தோட. அதான்."

உட்கார்ந்துவிட்டார்.

கூடத்தின் வரலாற்றில் அப்படியொரு மௌனம் விழுந்ததே இல்லை. நினைவில் பிசகு இருக்கலாம் என்று முதலில் சொன்னது இந்த மௌனத்துக்குப் பொருந்தாது. இது நன்றாக நினைவிருக்கிறது. தேநீரில் ஆடை படிந்தது. சுருங்கியது. ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகும் மௌனம் இருந்தது. மேனேஜர் தன் கோப்பைக்குள் பார்த்தார். பிறகு சமையலறையைப் பார்த்தார். பிறகு மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தார். விட்டவர்கள் ஒவ்வொருவராக அதே வரிசையில் பார்த்தார்கள். கோப்பை, சமையலறை, விளக்கு. மகளும் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கும் புரிந்தது.

விதிப்படி அது கூடத்திலேயே மிகப் பெரிய விடுதல். அதைக் கொண்டாட வேண்டிய வேளையில் மேனேஜர் தொண்டையைக் கனைத்தார்.

"நோட்டீஸ் குடுத்திருப்பீங்களே. அதை வாபஸ் வாங்க வழி இருக்கும். நான் பேசிப் பாக்கட்டுமா? எனக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் தெரியும்."

"நோட்டீஸ் காலமும் போயிடுச்சு. முடிஞ்சுது," என்றார் அம்மா.

இரட்டை மெத்தையில் நெளிந்தார். உண்மையான விடுதல் அகத்தில் நிகழ்வது என்றும், வெளியே விடுவது வெறும் சடங்கு என்றும், இதைத் தான் வெகுநாளாகவே சொல்ல நினைத்திருந்ததாகவும் விளக்கினார். "மனசு விட்டா போதும்மா. உடம்பு பாட்டுக்குக் கவுன்டர்ல இருக்கலாம்."

"மனசு விட்டு ரொம்ப வருஷமாச்சுங்க. உடம்புதான் நேத்து விட்டுது."

யாரோ ஒருவர், ஒரு பொறுப்பான குடும்பப் பெண் இப்படி முன்பின் யோசிக்காமல் வேலையை விடலாமா என்று நடுவரிசையிலிருந்து கேட்டார். அவர் விட்டது ஒரு அரசாங்க வேலை. விட்டபோது வீட்டில் கைக்குழந்தை. பலரும் அவருடைய கேள்வியை ஆமோதித்தார்கள். வயசுகாலத்தில் பாதுகாப்பு வேண்டாமா, மாதம் பிறந்தால் கையில் ஒன்று வருகிற நிம்மதிக்கு எது ஈடு என்று கூடமே பேசியது. அந்தச் சுவர்கள் அதுவரை கேட்டிராத சொற்கள் அவை.

அப்பா மட்டும் நின்றுகொண்டே இருந்தார். நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றார்.

"நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டார் அம்மா.

அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. பாஸ் கேட்டு வருகிறவரிடம் போட்டோ கொண்டுவந்தீர்களா என்று கேட்பது போலத்தான் கேட்டார். அப்பாவின் நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மகள் பக்கம் திரும்பினார். முகத்தில் புதிதாக ஒரு கணக்கு ஓடியது.

"நீ விடறதைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம்மா. அவசரமில்ல."

"அவசரமே இல்ல," என்றார் மேனேஜர்.

"விட வேணாம்மா, பாப்பா," என்றார் பல் மாமா. அவர் குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அவர் விளக்கையோ சமையலறையையோ பார்க்கவில்லை. அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடம் முழுவதும் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தது அதுதான் முதல்முறை. மகள் எழுந்து நின்றாள். முந்தைய இரவு யோசித்து வைத்திருந்த ஒரு வாக்கியமும் தேவைப்படவில்லை.

"தள்ளி வெக்கலப்பா. நான் விடல. கிளினிக் மாடியில ரெண்டு ரூம் இருக்கு. அம்மாவும் நானும் இன்னைக்கே போறோம்."

"நான்?"

"நீங்களும் வாங்க. வேலைக்குப் போயிட்டு வந்தா ராத்திரி சாப்பாடு இருக்கும்."

அம்மா பையை எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும்விடப் பெரியதை விட்டவர் என்ற முறையில் ஜன்னலோர இடம் இப்போது அவருக்குத்தான் சேர வேண்டும் என்பது இரட்டைக்கு அப்போதுதான் உறைத்தது. விதியென்றால் விதி. அவர் எழுந்து மெத்தையைத் தட்டி, நாற்காலியை அம்மா பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்க, 'இன்னும்'."

"வேணாம்," என்றார் அம்மா. "இவ்வளவு நாளா உக்காந்துதான் இருந்தேன்."

அதன்பின் யார் யாருக்கு என்ன ஆனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

மறு மாதம் கூடத்தில் விளக்கு எரியவில்லை. அதற்கடுத்த மாதம் கட்டடம் மறுபடியும் செருப்புக் கிடங்காகிவிட்டது. தூண்களில் எண்களைப் புதிதாக எழுத வேண்டிய வேலைகூட இல்லை. மேனேஜர் ஒரு சிமென்ட் கடையில் கணக்கு எழுதுகிறார்; சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விடுகிறார் என்று கடைக்காரர் சொல்கிறார். இரட்டை மூன்றாவதாக ஒன்றை நம்பத் தொடங்கியிருக்கிறார், அது மாதச் சம்பளம். இதில் அவருக்கு இதுவரை சந்தேகம் வரவில்லை. பல் மாமா மகளின் கிளினிக்கில் காலை வேளைகளில் இருக்கிறார். மேல் கடைவாய்க்கு மூன்று வேர் என்பதை அவர் மறக்கவே இல்லையாம்.

அப்பா ஒரு தண்ணீர்த் தொட்டியில் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்து, குழாயைத் திறந்து மூடுகிறார். மாதம் பிறந்ததும் பாஸ் வாங்க அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார். ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கிறார்; உள்ளே வேறு ஒருத்தி இருக்கிறாள், அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ராத்திரி கிளினிக் மாடிக்குச் சாப்பிட வருகிறார். மகள் பரிமாறுகிறாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாள். அம்மா காலையில் வெயில் முகத்தில் படும்வரை தூங்குகிறார். கட்டைவிரல்களில் மை போய்விட்டது.

பெரிய பெரிய மனிதர்கள் பெரிய பெரிய பதவிகளையும் படிப்பையும் கடவுளையும் விட்ட இடம் அது. யார் விட்டதாலும் இன்னொருவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு தப்பியதில்லை. அம்மா விட்ட அன்றைக்குத்தான் எல்லாருக்கும் பசித்தது.